கையில் இருப்பவருக்கே பேச்சு

ப்ளம் கிரீக், விஸ்கான்சின்
அக்டோபர் கடைசி ஞாயிறு

'ஒற்றைத் தோட்டா' மாத இதழின் ஆசிரியர் திரு. கோர்டன் ஹாஸ் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் உங்கள் துப்பாக்கிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சந்தாதாரர்கள் மட்டுமே கடிதம் எழுதலாம் என்று ஒவ்வொரு இதழிலும் தடித்த எழுத்தில் போடுகிறீர்கள். நான் சந்தாதாரர் இல்லை. சந்தா என் அப்பா டுவெய்ன் பிரீபி பெயரில் இருக்கிறது. அப்பா ஏப்ரலில் காலமானார். இரங்கல் குறிப்பை நீங்கள்தான் எழுதினீர்கள். அதில் அப்பாவைப் பற்றி இரண்டு வரிகளும் அவருடைய பல்லார்டு துப்பாக்கியைப் பற்றி ஒரு பத்தியும் இருந்தன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்பாவே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார். இதழ் இன்னும் அவர் பெயருக்கே வருகிறது. பெயரை மாற்றச் சொல்லி எழுதலாமா என்று ஒவ்வொரு மாதமும் யோசிப்பேன், பிறகு விட்டுவிடுவேன். தபால்பெட்டியில் அந்தப் பெயர் கிடப்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

நான் எழுத வந்தது விளம்பரத்தைப் பற்றி. ஜூன் மாதத்திலிருந்து உங்கள் விற்பனைப் பகுதியில் இது வருகிறது: 'காலஞ்சென்ற டு. பிரீபியின் பழைய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகள். நேரில் வந்து பார்க்கலாம். மகளிடம் பேசவும்.' அந்த மகள் நான்தான், பெயர் டெஸ்ஸா. விளம்பரத்தில் அச்சுப்பிழை ஒன்றுமில்லை. கடைசி இரண்டு சொற்கள் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுப் போட்டவை. என்னிடம் பேசுவது யாருக்கும் எளிதான காரியம் இல்லை. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் பள்ளி முடித்த கையோடு சீஸ் ஆலைக்குப் போனவர்கள். அப்பா அங்கே இயந்திரம் பழுது பார்த்தார். கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது தகவல் தொடர்பியல். மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதினேன். படித்த காலம் முழுவதும் விடுதியில் யாரோடும் பேசவில்லை. அங்கே எல்லாருக்கும் நான் கிராமத்துப் பெண். இங்கே திரும்பி வந்தால் எல்லாருக்கும் நான் படித்த பெண். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான், நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குச் சமையலறை மேசையிலிருந்தே வேலை செய்கிறேன். புகார் எழுதுகிறவர்களுக்குக் கணினி தானாக அனுப்பும் பதில்களை எழுதித் தருவது என் வேலை. 'உங்கள் கடிதம் கிடைத்தது, உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது' என்று உங்களுக்கு எப்போதாவது வந்திருந்தால் அது நான் எழுதியதாக இருக்கலாம். அதற்கு யாரும் பதில் எழுதுவதில்லை.

அப்பா போவதற்கு முன் சொன்னது ஒன்றே ஒன்று. துப்பாக்கிகளைப் பூட்டி வைக்காதே, சுடுகிறவன் கையில் கொடுத்துவிடு என்றார். அதனால்தான் விளம்பரம் கொடுத்தேன். அதன் விளைவு என்னவாகும் என்று நீங்கள் ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம். அடுத்த சனிக்கிழமையே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் வயது அறுபதுக்கு மேல், எல்லாருக்கும் முட்டி வலி, எல்லார் கையிலும் மனைவி கொடுத்தனுப்பிய கேசரோல். நூடுல்ஸும் டூனா மீனும் சீஸும் போட்டு ஓவன் அடுப்பில் வேகவைத்த அந்தக் கண்ணாடிப் பாத்திரங்கள் ஜூலைக்குள் என் குளிர்பெட்டியின் மூன்று தட்டுகளையும் பிடித்துக்கொண்டன. துக்கத்துக்கு வந்தவர்கள் போல வாசலில் தொப்பியைக் கழற்றுவார்கள். உன் அப்பா நல்ல மனுஷன் என்பார்கள். சொல்லும்போதே கண் என் தோளைத் தாண்டிக் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள், எதையும் துடைக்கவில்லையே என்று. வீடு சுத்தமாக இருந்துவிடுமோ என்று விருந்தாளிகள் பயப்படுவது உலகத்திலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நினைக்கிறேன். நூறு வருடத்துப் பழுப்பு இரும்பின் மேல் படிந்திருக்கிறது, அதற்குத்தான் விலை, ஒரு பெண் கையில் துணியும் மெருகுப் பசையும் கிடைத்தால் ஒரே மதியத்தில் அது போய்விடும், போனால் திரும்பாது என்று ஒருவர் மாற்றி ஒருவர் எனக்கு விளக்கினார்கள். ஒருவர் அலமாரிக் கண்ணாடி பளிச்சென்று இருப்பதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியை மட்டும்தான் துடைத்தேன் என்று அவரை நம்பவைக்க ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

அவர்கள் வழக்கப்படி துப்பாக்கியைப் பற்றி முதலில் பேசக் கூடாது. மழை, முட்டி, மாடு, இந்த வருட மக்காச்சோளம் எல்லாம் முடிய வேண்டும். அப்புறம் எதேச்சையாகக் கண்ணில் பட்டது போல, எடுத்துப் பார்க்கலாமா என்பார்கள். விசைக்குக் கீழே இருக்கும் வளைவை இறக்கிப் பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்து, வெளிச்சத்துக்காக அங்கே ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைச் செருகி, முன்பக்கத்திலிருந்து குழலுக்குள் கண்ணை வைப்பார்கள். அப்புறம் ஒரு பெருமூச்சு. குழல் நன்றாக இருந்தால் நீளமான பெருமூச்சு, துரு இருந்தால் குட்டையானது. கோடை முடிவதற்குள் மூச்சை வைத்தே என்னால் துப்பாக்கியைச் சொல்லிவிட முடிந்தது. கடைசியில் விலை கேட்பார்கள். நான் வழக்கம்போல வாயடைத்து நிற்பேன். அவர்களே ஒரு விலை சொல்வார்கள். நான் அப்போதும் பேசாமல் நிற்பேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களே விலையை ஏற்றுவார்கள். எனக்குக் கூச்சத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று யாருக்கும் தோன்றவில்லை. டுவெய்ன் மகள் அப்பனைவிடக் கெட்டிக்காரி, பேரத்தில் வாயே திறக்க மாட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் படித்த படிப்பு இப்படிப் பயன்படும் என்று என் பேராசிரியர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.

இப்படி ஒவ்வொன்றாக ஐந்து துப்பாக்கிகள் போயின. ஐந்தாவது போன பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். வாங்கியவர்கள் திரும்பி வருவதில்லை. வாங்காதவர்கள்தான் அடுத்த சனிக்கிழமை வந்தார்கள், மறுபடியும் முட்டியிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு துப்பாக்கி வாசலைத் தாண்டும்போது அதற்கு ஆசைப்பட்ட அத்தனை பேரும் அதோடு போய்விடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை, வர வேறு காரணம் என்ன இருக்கிறது. கேசரோல் பாத்திரங்களைக் கழுவி, அடியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து, அவரவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மணியை அடித்திருக்கலாம். ஒவ்வொரு வாசலிலும் அடிக்கத்தான் நினைத்தேன். ஆகஸ்ட் முடிவில் வீட்டில் பாத்திரமும் இல்லை, ஆட்களும் குறைந்துபோனார்கள், அலமாரியில் மிஞ்சியது பல்லார்டு மட்டும். அதுவும் போய்விட்டால் இந்த வாசலில் கார் வந்து நிற்க ஒரு முகாந்திரமும் இருக்காது. அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே அயோவாவுக்குப் போய்விட்டார், என் பிறந்தநாளுக்குப் போன் செய்வார். என்னோடு படித்தவர்கள் மில்வாக்கிக்கோ கல்யாணத்துக்கோ போய்விட்டார்கள். இதை உங்களிடம் சொல்லக் காரணம், செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை நான் நடந்துகொண்ட விதம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதுதான்.

அன்று காலையில் முதலில் வந்தவர் எல்ராய் சாஸ்ட்ரோ. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பள்ளி முடியும்வரை அவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்து போனவள் நான். பேசியதில்லை, ஆனால் அவருடைய பின்கழுத்து எனக்கு மிக நன்றாகத் தெரியும். பல்லார்டை எடுத்துப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், அதுவரை நான் கேட்டதிலேயே நீளமானது. திரும்ப அலமாரியில் வைக்கப் போன நேரம் வாசலில் ஒரு டிரக் வந்து நின்றது. எட்டிப் பார்த்தவர் துப்பாக்கியைச் சட்டென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வந்தது மார்வின் லுட்கி, இரண்டு சாலை தள்ளிப் பால்பண்ணை வைத்திருப்பவர். இரண்டு பேரும் அப்பாவோடு ஒரே போட்டிக் குழுவில் சுட்டவர்கள், இரண்டு பேரும் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தப் பல்லார்டின் மேல் கண் வைத்தவர்கள். உங்களுக்குத் தெரிந்த விதி ஒன்று எனக்கு அன்றுதான் தெரிந்தது: ஒருவர் கையில் துப்பாக்கி இருக்கும்போது அதைப் பற்றி விற்பவரிடம் பேச அவருக்கு மட்டுமே உரிமை. அவர் கீழே வைக்கும்வரை இன்னொருவர் விலை கேட்கக் கூடாது, குறை சொல்லக் கூடாது, அர்த்தத்தோடு இருமவும் கூடாது. மார்வின் உள்ளே வந்தார், எல்ராயின் கைகளைப் பார்த்தார், சோஃபாவில் போய் உட்கார்ந்தார். எல்ராய் என் பக்கம் திரும்பி, "விலையச் சொல்லு பாப்பா" என்றார்.

நான் சொன்னால் சரி என்பார், காசோலையை எழுதுவார், வாசலைத் தாண்டுவார். எனக்கு அது முழுவதும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. காபி போடட்டுமா என்று கேட்டேன்.

அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. நான் விலை சொல்லாமல் எல்ராய் வாங்க முடியாது. எல்ராய் கீழே வைக்காமல் மார்வின் பேச முடியாது. கீழே வைத்தால் மார்வின் எடுத்துவிடுவார் என்று எல்ராய்க்குத் தெரியும், எவ்வளவு நேரம்தான் பிடிப்பார் என்று மார்வினுக்குக் கணக்கு. அந்தத் துப்பாக்கியின் கனம் உங்களுக்குத் தெரியும், ஒரு கன்றுக்குட்டியைத் தூக்கி வைத்திருப்பது போல. எல்ராய் அதை மடியில் கிடத்தி ஒரு கையால் அணைத்தபடி மறுகையால் காபி குடித்தார். மதியம் அவருக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தேன், சாசேஜை வெட்டிக் கொடுத்தேன். மார்வின் அதைப் பார்த்துவிட்டு, "பாப்பா, அவனுக்குக் கழுத்துல துண்டும் கட்டிவிட்டுரு" என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, எனவே சீட்டு ஆடினோம். எங்கள் பக்கத்து ஆட்டத்துக்கு மூன்று பேர் போதும். அப்பா இருந்தவரை நான் மேலே என் அறையில் இருந்தபடி கீழே சீட்டு மேசையில் விழும் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், ஒரு முறையும் உட்கார்ந்ததில்லை. எல்ராய் ஒற்றைக் கையில் சீட்டைப் பிடித்துப் போடத் திணறினார். பிறகு துப்பாக்கியின் பின்கட்டை ஓரத்தில் தோளைக் கவ்வுவதற்காக இருக்கும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே சீட்டுகளைச் செருகி வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாக உருவிப் போட்டார். துப்பாக்கி செய்தவர்கள் அந்தக் கொம்புகளை அதற்காக வைக்கவில்லை, ஆனால் அளவு சரியாக இருந்தது.

இரண்டு காபிக்குப் பிறகு எல்ராய் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. துப்பாக்கியோடு போனார். கதவு நிலையில் குழல் இடிக்கும் சத்தம் கேட்டபோது மார்வின் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் எழுந்து போய்க் கதவில் காதை வைத்தார். எல்ராய் வெளியே வந்ததும் பெரிய வழக்கு ஆகிவிட்டது.

"கீழ வச்சுட்ட. டொக்குன்னு கேட்டுச்சு."

"வைக்கல. சுவத்துல சாய்ச்சேன். அதுமேல ஒரு விரல் இருந்துச்சு."

"எந்த விரல்?"

"எந்த விரலா இருந்தா உனக்கு என்னடா?"

"ரெண்டு கையும் வேணுமே அந்த வேலைக்கு. எனக்குத் தெரியாதா, நம்ம வயசு என்ன?"

கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நீ படித்த பெண், நீயே தீர்ப்புச் சொல் என்றார்கள். கல்லூரியில் ஒரு தடவைகூட என் கருத்தை யாரும் கேட்டதில்லை, ஆகையால் கொஞ்சம் யோசித்தேன். ஒரு விரல் இருந்தால் போதும் என்று சொன்னேன். மார்வின் அதைக் கேட்டுவிட்டு, "சரி, தீர்ப்புன்னா தீர்ப்பு" என்று சீட்டைக் கலைத்தார். அதன் பிறகு அன்று மதியம் அவர்களுக்குள் வந்த எல்லாச் சிக்கலுக்கும் என்னிடமே கேட்டார்கள், எந்தச் சீட்டை யார் போட்டது, அப்பா எந்த வருடம் கோடைப் போட்டியில் ஜெயித்தார், ரேடியோவில் சொன்ன மழை வருமா. எனக்குப் பாதிக்குப் பதில் தெரியாது. தெரிந்தது போலச் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள்.

அப்பாவைப் பற்றி நான் ஏதோ ஒன்று சொன்னேன். அவர் சாயங்காலம் கீழறையில் உட்கார்ந்து, காலித் துப்பாக்கியை எடுத்துச் சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைக் குறிபார்ப்பார். பல்லார்டுக்கு இரண்டு விசை. பின்விசையை இழுத்தால் டிக் என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் முன்விசை மூச்சுப் பட்டாலே விழும் அளவுக்கு இளகிவிடும். டிக், பிறகு ஒரு பெரிய அமைதி, பிறகு டக். நான் மேலே படித்துக்கொண்டிருப்பேன். டிக் கேட்டால் நானும் பேனாவை நிறுத்திவிடுவேன், டக் கேட்ட பிறகுதான் எழுதுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே நடந்த பேச்சில் பெரும்பகுதி அதுதான் என்றேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசியதைக் கேட்டு இரண்டு பேரும் சீட்டைப் போட மறந்துவிட்டார்கள். எல்ராய் பின்விசையை மெல்ல இழுத்தார். டிக்.  பிறகு தோட்டாவை அடிக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் பிடித்துப் பூப்போல இறக்கிவிட்டு, "உன் முறை" என்றார். விலையை அவர் மறந்துவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

மறக்கவில்லை. அவர் காத்திருந்தது பால் கறக்கும் நேரத்துக்கு. நாலரை ஆனதும், "மார்வின், மாடெல்லாம் உன்னத் தேடும்டா" என்றார். மார்வினின் மாடுகள் ஐந்து மணிக்கு மடி கனத்துக் கத்த ஆரம்பித்துவிடும், எந்தப் பல்லார்டுக்காகவும் அவை காத்திருக்காது. மார்வின் சாலையைப் பார்த்தார், எல்ராயைப் பார்த்தார், சோஃபாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன் மனைவிக்குப் போன் செய்தார். இன்றைக்குக் கறவையை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து வந்ததைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தே கேட்டார். எங்களுக்கும் கேட்டது.

அந்த மனைவி, ஆர்டிஸ் லுட்கி, கறவையை மருமகன் தலையில் கட்டிவிட்டு நேரே வந்துவிட்டார். சேற்று பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு, இரண்டு துண்டு சுற்றிய ஒரு பெரிய கேசரோலைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். மேசை முழுக்கச் சீட்டு, கோப்பை, ரொட்டித் துணுக்கு. பாத்திரத்தை வைக்க இடம் இல்லை. "எல்ராய், சுடுது, பிடி" என்று அவர் முன்னால் நீட்டினார். ஒரு பெண் சூடான பாத்திரத்தை நீட்டினால் எங்கள் ஊரில் எவரும் யோசிக்க மாட்டார்கள், இரண்டு கையும் தானாகவே நீளும். எல்ராயின் கைகளும் நீண்டன. மடியிலிருந்து சரிந்த துப்பாக்கியை ஆர்டிஸ் லாவகமாக ஏந்திக்கொண்டார்.  மார்வின் முகத்தில் விளக்குப் போட்டது போல ஒரு வெளிச்சம். கையை நீட்டி, "எங்கிட்ட குடு, ஆர்டிஸ்" என்றார்.

எல்ராய் பாத்திரத்தைப் பிடித்தபடியே சொன்னார். "கேக்கக் கூடாதுடா. இப்ப அவ கையில இருக்கு."

மார்வின் கையை மடக்கிக்கொண்டார். விதி அவருக்கும் விதிதான். ஆர்டிஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான்தான் பேசணுமா?" என்றார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்தக் கண்றாவியப் பத்தியே கேட்டுக்கிட்டு இருக்கேன். என் கையில ஒருத்தனும் குடுத்ததில்ல. என்ன கனம் கனக்குது." அப்புறம் என் பக்கம் திரும்பினார். ஜூன் மாதத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்த யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"டெஸ்ஸா, உனக்கு இத விக்கணுமா?"

"இல்ல" என்றேன். அன்று முழுவதும் யோசிக்காமல் நான் சொன்ன ஒரே பதில் அது.

எல்ராய் வருத்தமாக, "டுவெய்ன் விக்கச் சொன்னானே" என்றார்.

ஆர்டிஸ் கேட்டார், "இது என்ன டுவெய்ன் கையிலயா இருக்கு?"

 ஆர்டிஸ் நடந்து வந்து துப்பாக்கியை என் இரண்டு கைகளிலும் வைத்தார். "இந்தா. இனிமே நீ பேசு." ஐயா, பிறந்ததிலிருந்து அதே வீட்டில் இருந்தும் அதை நான் கையில் வாங்கியது அன்றுதான். அப்பா இருந்தபோது அவரே எடுப்பார், அவரே வைப்பார். இறந்த பிறகு வந்தவர்கள் எடுத்தார்கள், நான் அலமாரியைத் திறந்துவிடுவேன், அவ்வளவுதான். எல்ராய் மடியில் அத்தனை நேரம் கிடந்ததால் கட்டை வெதுவெதுப்பாக இருந்தது. நான் பேச வேண்டும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். எனக்குத் தோன்றியது, சாப்பிடலாமா என்பதுதான். சாப்பிட்டோம். ஆர்டிஸ் மருமகனைத் திட்டினார், மார்வின் மாட்டைத் திட்டினார், எல்ராய் தோள்பட்டையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே மூன்று தடவை கேசரோல் வாங்கிக்கொண்டார். தனக்குக் கிடைக்கவில்லை என்ற துக்கத்தைவிட மற்றவனுக்குக் கிடைக்கவில்லை என்ற நிம்மதி இரண்டு பேருக்கும் பெரிதாக இருந்தது. வாசலில் எல்ராய் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "நல்ல தீர்ப்புதான் பாப்பா" என்றார். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அது மாதிரி ஒரு நாள் இருந்ததில்லை. அப்பா இருந்தபோதும் எனக்கு இருந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆப்பிள் கேக் செய்து வைத்தேன். யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. அப்பாவின் பழைய இதழ்களைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது, இல்லை என்று சொன்ன வீட்டுக்கு உங்கள் ஆட்கள் போக மாட்டார்கள். போனால் மனதை மாற்ற வந்ததாக ஆகிவிடும், அது அநாகரிகம், குறைந்தது ஒரு வருடம் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. இவ்வளவு மரியாதை தெரிந்தவர்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. போன வாரம் மளிகைக் கடையில் முட்டை எடுக்கும் இடத்தில் எல்ராயைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது, அடுத்த நொடி ஏதோ நினைவுக்கு வந்தது போலக் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு உறைந்த பட்டாணி இருக்கும் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் பணம் கட்டி வெளியே போகும்வரை பட்டாணிப் பொட்டலத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஆர்டிஸின் பாத்திரம் என்னிடம் இருந்தது. அதைக் கொடுக்கப் போகும் சாக்கில் மணியடிப்பது என்று உறுதியாக முடிவு செய்து, எல்லாரும் தொழுவத்தில் இருக்கும் கறவை நேரமாகப் பார்த்துப் போய் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை மதியங்களில் சில நேரம் பல்லார்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சோஃபாவில் உட்கார்கிறேன். விதிப்படி பேசும் உரிமை முழுவதும் என்னிடம் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே ஐயா, விற்காத பொருளுக்கு விளம்பரம் வருவது நேர்மை இல்லை. உங்கள் வாசகர்கள் தொலைவிலிருந்து பெட்ரோல் செலவழித்து வந்து ஏமாறக் கூடாது. என் வேலைக்கும் இந்த வருகைகள் பெரிய இடைஞ்சல், குளிர்பெட்டிக்கும் தாங்கவில்லை, வீட்டுக் கதவு நிலையிலும் குழல் இடித்த தழும்பு விழுந்துவிட்டது. ஆகையால் அடுத்த இதழிலிருந்து என் விளம்பரத்தை நீக்கிவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் குழல்கள் துருவில்லாமலும், உங்கள் முட்டிகள் வலியில்லாமலும், குறிபார்க்கும் நேரத்தில் காற்று அடங்கியும் இருக்கட்டும். வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். நான் அவர்களைப் பார்த்ததில்லை, ஆனாலும் சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
டெஸ்ஸா பிரீபி
(டுவெய்ன் பிரீபியின் மகள்)

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடியும் பிரித்தேன், மடிப்பு கசங்கியிருப்பதற்கு மன்னிக்கவும். மேலே விளம்பரத்தை நீக்கச் சொன்ன பத்தியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இடைஞ்சல் என்று எழுதியதையும் விட்டுவிடுங்கள், அது நான் அலுவலகத்துக்கு எழுதும் பழக்கத்தில் வந்தது. உங்கள் விற்பனைப் பகுதியில், விற்காத ஒரு பொருளுக்கு இடம் கொடுப்பீர்களா? இதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று தெரியும். கேட்கலாமா என்று யோசித்து யோசித்துத்தான் கடிதம் இவ்வளவு நீண்டுவிட்டது. விளம்பரம் நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது என்ற உங்கள் விதிக்குள் எழுதியிருக்கிறேன்:

பல்லார்டு, இரட்டை விசை. விற்பனைக்கு இல்லை.
சனிக்கிழமைகளில் வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம்.
மூன்று பேர் இருந்தால் சீட்டு உண்டு.
எவ்வளவு நேரமானாலும் கீழே வைக்க வேண்டாம்.